பத்துக்கு நாலரை

மணி மூன்று இருபது. இன்னும் பத்து நிமிஷத்தில் அந்த போன் வரும், வராமல் இருக்காது, பத்தொன்பது நாளாகத் தப்பாமல் வருகிற போனுக்கு இன்றைக்கு மட்டும் என்ன கேடு என்று நினைத்துக்கொண்டு, முகத்தின் மேல் பேப்பரை விரித்துப் போட்டபடி ஹால் சோபாவில் படுத்திருந்தார் குஞ்சிதபாதம் வாத்தியார். தூங்கவில்லை. தூங்குகிறவர் எப்படி மூச்சு விடுவாரோ அப்படி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், அதற்கே தனியாக மெனக்கெட வேண்டியிருந்தது, நடுநடுவே ஒரு சின்னக் குறட்டையும் போட்டுவைத்தார். சமையலறையில் தண்ணீர் சத்தம். தையல் பாத்திரம் கழுவுகிறாள். தையல்நாயகி, அவருடைய சம்சாரம், வயது ஐம்பத்தாறு, முழங்கால் வலி, முப்பத்திரண்டு வருஷக் குடித்தனம், ஒரே பையன் பூனாவில் வேலை. இந்தக் கணக்கில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்று யாரும் கேட்பார்கள். அவரும்தான் கேட்டுக்கொண்டார், பத்தொன்பது நாளாக. மூன்றரைக்கு போன் வரும், 'துணி எடுத்துட்டு வந்துடறேங்க' என்று தூங்குகிறவரிடம் சொல்லிவிட்டு அவள் மொட்டை மாடிக்குப் போவாள், முழங்கால் வலிக்காரி பதினேழு படி ஏறிப் போவாள், இருபது இருபத்தைந்து நிமிஷம் கழித்து நாலு துணியோடு இறங்கி வருவாள், முகம் தெளிந்திருக்கும். அந்தத் தெளிவுதான் அவரைக் கொன்றது. நாலு துணி எடுத்ததில் ஒரு பொம்பளைக்கு அவ்வளவு தெளிவு எங்கிருந்து வரும்? இன்றைக்கு அவள் ஏறினதும் பின்னாலேயே ஏறிவிடுவது என்று காலையில் பல் தேய்க்கும்போதே முடிவு செய்திருந்தார். செருப்பு வேண்டாம், சத்தம் கேட்கும். பதினோராவது படியில் நின்றால் மேலே பேசுவது காதில் விழும், நேற்று அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது வீட்டு ஓனர் பிள்ளையை மேலே நிற்கவைத்துப் பேசச் சொல்லிச் சோதித்துப் பார்த்தாயிற்று. அறுபத்திரண்டு வயதில் இந்தப் பிழைப்பு பிழைக்க வேண்டியிருக்கிறதே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் இன்றைக்குத் தெரிந்தே ஆக வேண்டும், தெரியாமல் இன்னொரு ராத்திரி அவள் பக்கத்தில் படுத்துத் தூங்க முடியாது. பேப்பருக்கு அடியில் வேர்த்தது.

முதலில் பிடிபட்டது குக்கரிடம். ஆமாம், குக்கரிடம் அவள் பேசினாள். விசில் வந்துகொண்டே இருந்தது, கையில் மாவு, அடுப்பை அணைக்க ஓடினவள், 'ஹேங் ஆன், ஹேங் ஆன், வந்துட்டேன்' என்றாள். கொஞ்சம் பொறு என்று அர்த்தம். வாத்தியாருக்குக் கையிலிருந்த காபி டம்ளர் அப்படியே நின்றுவிட்டது. இங்கிலீஷ் தெரியாதவளா என்றால், அப்படியும் சொல்ல முடியாது, பிளஸ் டூ படித்தவள், கையெழுத்துப் போடுவாள், மருந்துச் சீட்டு வாசிப்பாள். ஆனால் பேச மாட்டாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் காதுபட ஒரு முழு வாக்கியம் பேசினதில்லை. பேசினால்கூட வெயிட் என்பாள், ஒன் மினிட் என்பாள், ஊரே அப்படித்தானே சொல்லும். ஹேங் ஆன் யார் சொல்லுவார்கள்? மயிலாடுதுறையில் யார் சொல்லுவார்கள்? அவரே சொன்னதில்லை. முப்பத்தி நாலு வருஷம் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் வாத்தியார், பத்தாம் வகுப்புக்கும் பன்னிரண்டாம் வகுப்புக்கும் கரும்பலகை நிறைய இந்த ரெட்டைச் சொல் வினைகளை எழுதிப்போட்டவர், ஃப்ரேசல் வெர்ப் என்று தலைப்புப் போட்டு அடியில் கோடு கிழித்து, புட் ஆஃப் என்றால் தள்ளிப்போடு, புட் அப் வித் என்றால் பொறுத்துப்போ, லுக் இன்ட்டு என்றால் விசாரி, டர்ன் அப் என்றால் வந்து சேர், கால் ஆஃப் என்றால் ரத்து செய், ஒண்ணுக்கு ஒரு மார்க், மனப்பாடம் பண்ணு, பரீட்சையில் கக்கு, மறந்துவிடு. பிள்ளைகளும் மறந்தார்கள், அவரும் ஸ்டாஃப் ரூமுக்குப் போனால் போஸ்ட்போன் என்றும் டாலரேட் என்றும் என்குயர் என்றும்தான் பேசுவார், ஹெட்மாஸ்டருக்கு எழுதுகிற லீவ் லெட்டரிலும் அதேதான். அதுதான் கனமான இங்கிலீஷ், கோட்டுப் போட்ட இங்கிலீஷ். இந்தச் சின்னச் சொற்கள் அப்படி இல்லை. அவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும், இவ்வளவு வருஷம் சொல்லிக்கொடுத்ததில் அடிவயிற்றில் தெரிந்துகொண்டது, இவை புத்தகத்திலிருந்து யாருக்கும் வராது. வாயிலிருந்து வாய்க்குத்தான் வரும். ஒருத்தரோடு ஒருத்தர் தினம் தினம், வேலைவெட்டி இல்லாமல், சும்மா, சிரித்துக்கொண்டு பேசினால்தான் ஒட்டும். அப்படியானால் தையலோடு தினம் தினம் சிரித்துப் பேசுகிற வாய் யாருடையது?

சும்மா விடுவாரா வாத்தியார். பழைய டைரியின் கடைசிப் பக்கங்களில் தேதி போட்டு எழுத ஆரம்பித்தார், சொல், இடம், யாரிடம் சொன்னாள், சரியா தப்பா. கடைசிக் கட்டம் தேவையில்லாததுதான், கை பழக்கத்தில் கோடு போட்டுவிட்டது. ஆறாம் தேதி, பக்கத்து போர்ஷன் பெண் தலைசுற்றி விழுந்தபோது, 'பாஸ் அவுட் ஆயிட்டா பாவம், தண்ணி தெளிச்சதும் கம் ரவுண்ட் ஆயிட்டா.' சரி. சரியோ சரி. இந்த ஊரில் பாஸ் அவுட் என்றால் காலேஜ் முடித்துவிட்டான் என்று அர்த்தம், அப்படித்தான் ஆயிரம் பேர் சொல்லிக் கேட்டிருக்கிறார், மயக்கம் போட்டு விழுவதற்கு அதைச் சொல்ல வெளிநாட்டில் இருந்துவிட்டு வந்த ஆள் பக்கத்தில் வேண்டும். எட்டாம் தேதி, காலைத் தேய்த்துக்கொண்டே தனக்குத்தானே, 'மாத்திரை வேகம் வேர் ஆஃப் ஆயிடுச்சு போலிருக்கு', அடங்கிவிட்டது என்கிறாள். சரி. பன்னிரண்டாம் தேதி, பூனாவிலிருந்து பேசின பையனிடம், பேரன் த்ரோ அப் பண்ணினானா என்று கேட்டாள். வாந்தி எடுத்தானா என்று கேட்டுத்தொலைத்தால் என்ன? பையன் அந்தப் பக்கம் சிரித்தான், 'என்னம்மா கலக்கற' என்றான், ஸ்பீக்கரில் கேட்டது. இவளும் சிரித்தாள், சிரித்துவிட்டு இவர் பக்கம் பார்த்தாள், பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டாள். ஏன் நிறுத்த வேண்டும்? மடியில் கனம் இல்லாதவள் ஏன் நிறுத்துவாள்? அன்றைக்கு ராத்திரி பட்டியலை வாசித்துப் பார்த்தபோது வாத்தியாருக்குப் பொட்டில் அடித்தது. மயக்கம், தெளிவது, மாத்திரை, வாந்தி. எல்லாம் ஆஸ்பத்திரிச் சொல். சொல்லிக்கொடுத்தவன் ஆஸ்பத்திரிக்காரன். டாக்டர் இளங்கீரன்! மூன்று மாசமாக முழங்காலுக்கு லைட் வைக்கப் போகிறாளே, அந்த பிசியோதெரபி கிளினிக்காரன், லண்டனில் படித்தவன், சுருட்டை முடி, பெண்டாட்டி செத்து நாலு வருஷம். முதல் நாள் கூடப் போனவர் இவர்தான், அவன் தையலைப் பார்த்து, 'டோன்ட் வொரிம்மா, யூ வில் கெட் ஓவர் இட்' என்றான், குணமாகிவிடும் என்று, இவர் அதற்கு ஒரு தாங்க்ஸ் சொன்னார். பதின்மூன்றாம் தேதி அவள் குளிக்கப் போனபோது போனை எடுத்துப் பார்த்தார். தினம் மூன்று முப்பது, மூன்று முப்பத்தொன்று, ஒரே பெயர். கிளினிக்.

அதோ குழாயை மூடிவிட்டாள். கொலுசு இல்லை, வளையல் சத்தம்தான், இப்போது கையைத் துடைக்கிறாள், இப்போது ஹாலைப் பார்க்கிறாள், பார்க்கட்டும், ஒரு குறட்டை. வெளியே வெளிச்சம் மங்கினமாதிரி இருந்தது, மழை மூட்டமோ என்னவோ. பையனிடம் சொல்லிவிடலாம் என்று போன வாரம் நம்பரைப் போட்டார். 'என்னப்பா?' என்றான். 'உங்கம்மா...' என்றார். 'அம்மாவுக்கு என்னப்பா?' என்று பதறினான். 'ஒண்ணுமில்ல, கால்வலிதான்' என்று வைத்துவிட்டார். என்னவென்று சொல்லுவது? உன் அம்மா இங்கிலீஷ் பேசுகிறாள் என்றா? சிரிப்பான். சிரிக்கத்தான் சிரிப்பான், ஊர் முழுக்க இப்படித்தானேப்பா பேசுது என்பான், பஞ்சர் கடைக்காரர்கூட வண்டியில பிக்கப் இல்ல சார் என்கிறார், ஆட்டோக்காரர் டிராப் மட்டுந்தானா சார் என்கிறார், பாங்கில் உட்கார்ந்திருக்கிற பெண் ஹோல்ட் ஆன் சார் என்று அரை மணி உட்கார்த்திவைக்கிறாள், பையனே வேலை மாறுவதைப் பற்றிக் கேட்டால் ஃபிகர் அவுட் பண்ணிக்கிறேன்ப்பா, கெட் பேக் பண்றேன்ப்பா என்று நழுவுகிறான். எல்லோர் வாயிலும் இருக்கிறது. இவர் வாயில் மட்டும்தான் இல்லை. இந்த இடத்துக்கு வந்தால் நினைப்பு முள்ளில் மாட்டின வேட்டியாக நின்றுவிடும், இழுத்தாலும் வராது. பூம்புகாருக்குப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டிப்போனபோது ஒரு வெள்ளைக்கார ஜோடி வந்து, 'டூ யூ மைண்ட் இஃப் வி டேக் அலாங்?' என்று கேட்டது. கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குப் புரியவில்லை. ஒவ்வொரு சொல்லும் தெரியும், சேர்ந்து வந்ததும் தெரியவில்லை, 'தாங்க்யூ, தாங்க்யூ' என்றார், அவர்கள் முழித்துவிட்டுப் போனார்கள், நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு முதல் அவருக்குத் தன்னைப் பற்றி ஒரு ரகசியம் தெரியும். எழுதத் தெரியும், திருத்தத் தெரியும், பேசத் தெரியாது. யாருக்கும் தெரியாத ரகசியம், தையலுக்குத் தெரியுமோ? தெரிந்திருக்குமோ? தெரிந்து அந்த டாக்டரிடம் சொல்லிச் சிரித்திருப்பாளோ? சந்தேகம்தானே என்று இருந்தவர் அது மட்டுமில்லை என்று இப்போது உணர்ந்தார். பொறாமை. டாக்டர் மேல் பாதி, அவள் மேல் பாதி. குக்கரிடம் அவ்வளவு சுளுவாகப் பேசிவிட்டாளே என்று வயிறு எரிந்தது.

என்ன குறை வைத்தேன் இவளுக்கு என்று அடுத்த பக்கம் புரண்டார். பேப்பர் நழுவியது, பிடித்துப் போட்டுக்கொண்டார். கை நீட்டினதில்லை, குடி இல்லை, சம்பளக் கவர் பிரிக்காமல் கொடுத்தவர். சுவரில் அவளுடைய அக்கா அபயாம்பாள் போட்டோ மாலையோடு தொங்குகிறது, மாமனார் வீட்டில் மாட்ட ஆள் இல்லாமல் போனதும் கொண்டுவந்து ஆணி அடித்தவர் இவர்தான், இருபத்துநாலு வயதில் போய்விட்டாள், ஏதோ பிரசவத்தில் என்பார்கள், கல்யாணத்துக்கு முந்தின கதை, அவருக்கு முழுசாகத் தெரியாது. இங்கிலீஷ் வேண்டுமென்றால் வீட்டிலேயே வாத்தியார் இருக்கிறாரே, கேட்டால் சொல்லிக்கொடுக்க மாட்டாரா? கல்யாணமான புதிதில் அவள் ஆசையாக எழுதினாளே ஒரு இங்கிலீஷ் லெட்டர், அதை எவ்வளவு அக்கறையாகத் திருத்தினார். நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். முதல் பிரசவத்துக்குச் சீர்காழிக்குத் தாய் வீடு போயிருந்தாள், ஒரு மணி நேர பஸ்தான், இவர் நாகப்பட்டினத்தில் பரீட்சைப் பேப்பர் திருத்துகிற முகாமில். ஒரு நாளைக்கு நாற்பது பேப்பர், காலை இருபது மத்தியானம் இருபது, விரல் மடங்காது, கண் மூடினாலும் தப்பு தப்பாகத் தெரியும், அந்த நேரத்தில் இன்லண்டு லெட்டர் வந்தது, அதுவும் இங்கிலீஷில். வாத்தியாருக்குப் பிடிக்கும் என்று எழுதியிருப்பாள். கையில் சிவப்புப் பேனா இருந்தது, அவ்வளவுதான், யோசிக்கக்கூட இல்லை. முதல் வரியிலேயே பயப்படுகிறேன் என்பதற்கு அவள் போட்டிருந்த வினை தப்பு, அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதினார். ஏழாவது வரியில் ஒருமை பன்மை. கடைசியில் முற்றுப்புள்ளி இல்லை. மொத்தம் பதினொரு தப்பு, இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார். அடியில் பத்துக்கு இவ்வளவு என்று மார்க் போட்டு, வட்டம் போட்டு, இம்ப்ரூவ் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டு, ஒரு கவரில் வைத்து அவளுக்கே திருப்பி அனுப்பினார். முகாமில் அத்தனை பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். கல்யாண வீடுகளில் இன்றைக்கும் யாராவது, 'சார், அந்த லெட்டர் கதையைச் சொல்லுங்க' என்று கேட்பார்கள், இவரும் சொல்லுவார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தையல் மட்டும் அந்த நேரம் பார்த்து காபி கொண்டுவர உள்ளே போய்விடுவாள்.

படபடவென்று சத்தம். இலையா, மழையா? மழைதான், பெரிய பெரிய தூறல். 'ஐயோ, துணி!' என்று தையல் கத்தினாள், வளையல் சத்தம் ஹாலைக் கடந்தது, வாசல் திறந்தது, படியில் ஒரு காலை ஊன்றி ஒரு காலை இழுத்து ஏறுகிற சத்தம், ஒன்று, இரண்டு, மூன்று. வாத்தியார் பேப்பரை எடுத்தார். மணி மூன்று இருபத்தொன்பது. எழுந்து வாசலுக்குப் போய்விட்டார், செருப்பில்லாமல், திட்டப்படி. ஒரு கால் படியில், அப்போதுதான் பின்னால், வீட்டுக்குள், சமையலறையில், ஃபிரிட்ஜ் தலையில் சார்ஜில் கிடந்த போன் அடித்தது. அவள் மறந்துவிட்டுப் போயிருக்கிறாள்! பத்தொன்பது நாளில் முதல் தடவை. அவர் படியிலிருந்து காலை எடுத்தார். போய் நின்று பார்த்தார். கிளினிக். கிளினிக், கிளினிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்காதே என்று மனசு சொன்னது, எடுத்தால் முப்பத்திரண்டு வருஷமும் இந்த நிமிஷத்தோடு ரெண்டாகப் போகும், எடுக்காவிட்டால் இன்னும் பத்தொன்பது நாள், இன்னும் பத்தொன்பது வருஷம், பேப்பருக்கு அடியில் படுத்துக்கொண்டு குறட்டை விட வேண்டும். என்ன சொல்லி மிரட்டுவது? தமிழிலா? லண்டனில் படித்தவனைத் தமிழில் மிரட்டினால் பயப்படுவானா? இங்கிலீஷில் என்றால், ஹூ ஆர் யூ, ஐ வில் கம்ப்ளெய்ன்ட், சே, வராது. பேசாமல் இருப்போம். அவன் வாய் தானாகக் கக்கட்டும். பச்சையைத் தொட்டு, காதில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

'ஹலோ? தையல்? ஆர் யூ தேர்?' பெண் குரல். வயசான பெண் குரல். கரகரவென்று, அதட்டுகிற பழக்கம் உள்ள குரல். 'ஸ்பீக் அப்ம்மா, கேக்கல. இன்னைக்கு ஷை எல்லாம் கூடாது, கோ ஆன்.' அந்தக் குரல் கொஞ்சம் தணிந்தது. 'நேத்து மாதிரி பிரேக் டவுன் ஆயிட்டாலும் பரவாயில்லம்மா. அழுதா அழுங்க. ஆனா தமிழுக்குப் போகக் கூடாது, அழுதுகிட்டே இங்கிலீஷ்ல சொல்லணும், அதான் நம்ம ரூல். கேரி ஆன். அந்தச் சிவப்பு மை வரைக்கும் வந்தீங்க. கவரைப் பிரிச்சீங்க. தென்?'

எந்தச் சிவப்பு மை என்று கேட்க நினைத்தார். கேட்டால் ஆள் மாறியிருப்பது தெரிந்துவிடும். டாக்டர் எங்கே, சுருட்டை முடி எங்கே, பத்தொன்பது நாளாகக் கட்டின வழக்கு எங்கே போயிற்று என்று ஒரு பக்கம் நிம்மதி வந்தது, அப்பாடா என்று வந்தது, வந்த வேகத்திலேயே வேறு ஏதோ ஒன்று அடியில் கிளம்பியது, அது என்னவென்று அவருக்குப் பிடிபடவில்லை. வாசலில் தையல் நின்றாள், இரண்டு கையிலும் துணி, தலையில் தூறல், மூச்சு வாங்கியது. காதில் தன் போனோடு நிற்கிற புருஷனைப் பார்த்தாள். திடுக்கிடுவாள் என்று பார்த்தார். இல்லை.

'ரெஜினாக்காவா?' என்றாள்.

'யாரு ரெஜினா?'

'கிளினிக்ல பக்கத்து பெட்ல லைட் வச்சுகிட்டுக் கெடப்பாங்கன்னு சொன்னேனேங்க. மஸ்கட்ல இருபத்திரண்டு வருஷம் நர்ஸா இருந்தவங்க, காரைக்கால்காரங்க, கிளினிக்ல பழக்கமானதால போன்ல அப்படியே கிளினிக்னு போட்டு வச்சிருக்கேன். ரெண்டு தடவ சொன்னேன். நீங்க பேப்பர் பாத்துகிட்டு இருந்தீங்க.'

சொல்லியிருப்பாள். இவர் கேட்டிருக்க மாட்டார். கேட்டிருந்தாலும் தோற்றதை எந்த வாத்தியார் உடனே ஒப்புக்கொண்டிருக்கிறார்? 'இங்கிலீஷ் பேசணும்னா எங்கிட்ட கேக்கக் கூடாதா?' என்றார், குரல் கொஞ்சம் ஏறியே போயிற்று. 'வீட்டுல ஒரு வாத்தியார் இருக்கறப்ப, ஊரான் வீட்டுப் பொம்பளைகிட்ட, திருட்டுத்தனமா, மொட்ட மாடியில...'

'உங்ககிட்டயா?' என்றாள் தையல். அவ்வளவுதான் சொன்னாள். துணியைச் சோபாவில் போட்டாள், அவர் படுத்திருந்த பள்ளத்தில். கையை நீட்டிப் போனை வாங்கினாள். வாங்கிக்கொண்டு மாடிக்குப் போவாள், இல்லை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள் என்று பார்த்தார். போகவில்லை. ஸ்பீக்கரைப் போட்டு, போனைத் துணி மேலேயே வைத்துவிட்டு, எதிர் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

'ரெஜினாக்கா. டுடே நோ டெரஸ். ரெயின். ஹி இஸ் ஆல்சோ ஹியர்.'

'ஹூ? உங்க வீட்டுக்காரரா? அடடா. ஷல் ஐ ஹேங் அப்? வச்சிடட்டா?'

'நோ. யூ ஹியர். ஹி ஆல்சோ ஹியர்.' நீங்களும் கேளுங்கள், அவரும் கேட்கட்டும் என்று அர்த்தம். தையல் ஒரு ஈரத் துண்டை எடுத்து உதறினாள், மடிக்க ஆரம்பித்தாள், மடித்துக்கொண்டே அவரைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தாள். இங்கிலீஷ்தான். மை அக்கா டைடு இன் டெலிவரி. சேம் ஹவுஸ், சேம் ரூம், சேம் காட். அதே கட்டிலில்தான் தன்னையும் படுக்கவைத்தார்கள் என்றாள். அக்காவுக்குத் தலைப்பிரசவம், எனக்கும் தலைப்பிரசவம், அக்காவுக்கு எட்டாம் மாசம் கால் வீங்கியது, எனக்கும் எட்டாம் மாசம் கால் வீங்கியது. வீட்டில் ஒருத்தரும் அதைப் பற்றிப் பேச மாட்டார்கள், பேசினால் நடந்துவிடும் என்று பயம். தமிழில் எழுதினால் அப்பா வாசித்துவிடுவார், அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அதனால்தான் இங்கிலீஷில் எழுதினேன். வாத்தியார் நின்றுகொண்டே இருந்தார். காலம் தப்பு, இங்கே 'த' வேண்டும், அங்கே வேண்டாம், மூன்று, நாலு என்று உள்ளே ஏதோ ஒன்று தன்பாட்டுக்கு எண்ணிக்கொண்டு போனது, நிறுத்த முடியவில்லை, முப்பத்தி நாலு வருஷப் பழக்கம், சனியன், நிற்க மாட்டேன் என்கிறது. 'ஐ ரோட், ஐ ஆம் ஃபியரிங்' என்றாள் தையல், பயப்படுகிறேன் என்று எழுதினாளாம். அதே தப்பு. அதே முதல் வரி. அடித்துவிட்டு மேலே சரியானதை எழுதினாரே, அந்த வரி. எதற்கு பயப்படுகிறாள் என்று அன்றைக்குக் கேட்டாரா? அந்த லெட்டரில் இருந்த பதினொரு தப்பும் வரிசையாக ஞாபகம் இருந்தது. அதில் என்ன எழுதியிருந்தது என்று தேடிப் பார்த்தார். ஒரு வரிகூட இல்லை. உள்ளே எண்ணிக்கொண்டிருந்தது அங்கே நின்றது.

'ஐ ரோட், ப்ளீஸ் கம் ஒன் டே. ஐ வான்ட் டு ஸீ யூ ஒன் டைம் பிஃபோர்' என்றாள். துண்டு நாலாக மடிந்துவிட்டது, இன்னும் மடித்தாள். ஒரு நாள் வந்துவிட்டுப் போங்கள், அதற்கு முன்னால் ஒரு தடவை உங்களைப் பார்க்க வேண்டும். 'பதினோரு நாள் வெயிட்டிங். தென் கவர் கேம். ஐ ஓப்பன்ட். ஃபுல் ரெட். டவுன்ல ஒரு ரவுண்டு. ஃபோர் அண்ட் ஹாஃப். அவுட் ஆஃப் டென்.'

மார்க் எவ்வளவு என்று அவருக்கு மறந்துபோயிருந்தது. கல்யாண வீடுகளில் ஒவ்வொரு தடவையும் ஒன்று சொல்லுவார், மூன்று என்பார், ஐந்து என்பார், சிரிப்பு எப்படி வருகிறதோ அப்படி.

போனில் மழை மட்டும் கேட்டது, இந்தப் பக்க மழையா அந்தப் பக்க மழையா தெரியவில்லை. அப்புறம் ரெஜினா மெதுவாக, அதட்டல் இல்லாமல் கேட்டாள். 'டிட் ஹி கம், தையல்? அதுக்கப்புறமாவது வந்தாரா?'

தையல் மடிப்பதை நிறுத்தினாள். நிமிர்ந்து முதல் தடவையாக அவரைப் பார்த்தாள். கோபமாக இருந்திருந்தால் அவருக்குத் தேவலை. கோபம் இல்லை. 'உங்களத்தான் கேக்கறாங்க' என்றாள். 'நீங்களே சொல்லுங்க. இங்கிலீஷ்ல சொல்லணும், அதான் ரூல்.'

வாத்தியார் நாக்கால் உதட்டைத் தடவினார். நாகப்பட்டினத்திலிருந்து மூன்று மணி நேரத்தில் போயிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை முகாம் லீவு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாலு வாத்தியார்களோடு கடற்கரையில் சுண்டல் வாங்கித் தின்றது ஞாபகம் வந்தது, அந்த லெட்டரைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. குழந்தை பிறந்து பத்தாம் நாள்தான் போனார், தொட்டில் வாங்கிக்கொண்டு. விசாரணைக்கு வேண்டிய சாட்சியெல்லாம் அவரிடமேதான் இருந்தது. ஐ வாஸ் நாட் ஏபிள் டு அட்டெண்ட் என்று கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு வாக்கியம் வாய் வரைக்கும் வந்தது. லீவ் லெட்டர் வாக்கியம். அதை அவர் விழுங்கிவிட்டார்.

'ஐ...' என்றார். 'ஐ டிட் நாட் டர்ன் அப்.'

ஆயிரம் தடவை போர்டில் எழுதிப்போட்டது, ஒரு தடவைகூட வாயால் சொன்னதில்லை. சரியா தப்பா என்று அவர் தையல் முகத்தைப் பார்த்தார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை.

'கேட்டுச்சாக்கா?' என்று போனிடம் சொன்னாள். சோபா மூலையில் கிடந்த அவருடைய ஈர வேட்டியை எடுத்து, ஒரு முனையைத் தான் பிடித்துக்கொண்டு மறு முனையை அவர் பக்கம் நீட்டினாள். இவரும் பிடித்துக்கொண்டார். 'தென்,' என்றாள் தையல், 'டென்த் டே ஹி கேம்,' என்று கதையை விட்ட இடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தாள்.